லவ்டேல் மலையும் ரைபிள் பைத்தியங்களும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் குன்னூர் தாண்டியதும் வரிசையாக வரும் ஸ்டேஷன்கள்: வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஃபெர்ன்ஹில், கடைசியில் உதகமண்டலம். டூரிஸ்டுகள் ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தையும் பனியையும் போட்டோ எடுத்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆனால் இந்த வரிசைக்குள் ஒரு துப்பாக்கிக் கதை இருக்கிறது. வெலிங்டனில் ராணுவ முகாம். அருவங்காட்டில் துப்பாக்கிக்கு மருந்து செய்யும் தொழிற்சாலை. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி. இன்று அது பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. 1858-ல் ஊட்டியில் ஆரம்பித்தபோதோ அது வெள்ளைக்கார சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான விடுதி. 1857 கலகத்தில் லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பிறகு சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கட்டடத்துக்காக லவ்டேலுக்கு இடம் மாறியது.

இந்த மலையில் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு கூட்டம் இருந்தது. ராணுவ அதிகாரிகள், காப்பித் தோட்டக்காரர்கள், தேயிலைத் தோட்டக்காரர்கள், கலெக்டர் ஆபீஸ் துரைமார்கள். இன்று புதிய செல்போன் மாடல் வந்தால் எப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்களோ, அப்படி லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் புதிய துப்பாக்கி மாடல் வந்தால் இவர்கள் அடித்துக்கொண்டார்கள். எவ்வளவு தூரம் சுடும்? எவ்வளவு பலமாக அடிக்கும்? பழசு நல்லதா, புதுசு நல்லதா?

வேடிக்கை என்னவென்றால், இந்த விவாதங்களில் ஜெயித்தது பெரும்பாலும் எந்தக் கட்சியும் இல்லை. எந்தத் துப்பாக்கி யார் கைக்கு வரும் என்பதை முடிவு செய்தது சட்டம். சுடுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதை முடிவு செய்தது காடு. அந்தக் கதைதான் இது.

வாய் வழியாக மருந்து போட்ட காலம்

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். அதற்குப் பின்னாலேயே வேட்டைக்காரர்களும் ஏறினார்கள். அப்போது எல்லாத் துப்பாக்கியும் குழாயின் வாய் வழியாக மருந்து போடும் ரகம். கரிமருந்தை அளந்து கொட்ட வேண்டும், குண்டை வைத்து நீண்ட கம்பியால் இடிக்க வேண்டும், பின்னால் கேப் மாட்ட வேண்டும், அதன் பிறகுதான் சுடலாம். ஒரு குண்டு தவறினால் அடுத்த குண்டுக்குள் காட்டெருமை வந்து பக்கத்தில் நிற்கும்!

அதனால் அந்தக் காலத்து ரசிகர்களின் ஒரே மந்திரம்: குண்டு பெரிதாக இருக்க வேண்டும். ஒரே அடியில் விழ வேண்டும்.

இங்கே ஒரு கொசுறு தகவல். கிராமங்களில்கூட "12 போர்" துப்பாக்கி என்று சொல்வார்கள். இந்த "போர்" யுத்தம் இல்லை, குழாயின் துளை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாகப் பிரித்தால், அதில் ஒரு உருண்டை சரியாகப் போகும் குழாய்தான் 12 போர். எண் குறையக் குறையக் குழாய் பெரிதாகும். 4 போர் என்றால் கால் பவுண்டு ஈயம், அதாவது 113 கிராம் குண்டு!

நீலகிரியைப் போலவே மலையும் காப்பியும் யானையும் இருந்த இன்னொரு இடம் இலங்கையின் நுவரெலியா பக்கம். அங்கே 1840-களில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் கம்பெனியிடம் சொல்லிச் செய்யவைத்த ரைபிளின் எடை 21 பவுண்டு, கிட்டத்தட்ட ஒன்பதரைக் கிலோ. அதே இலங்கையில் மேஜர் ராஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகள் பழி வாங்கின என்று அந்தப் பக்கம் கதை சொல்ல இதைவிடப் பொருத்தமான சாவு வேண்டுமா என்ன?

பின்வழி ரைபிள்: முதல் பெரிய சண்டை

1851-ல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் பிரெஞ்சுக்காரரான லெஃபோஷே ஒரு துப்பாக்கியை வைத்தார். குழாயை மடக்கித் திறந்து, பின்பக்கமாகத் தோட்டாவைச் செருகி, மூடிச் சுடலாம். கம்பி வேண்டாம், இடிக்க வேண்டாம். இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர்களில் பலர் முதலில் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஜோசப் லாங் போன்ற சிலர்தான் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

சண்டை ஆரம்பித்தது. "தி ஃபீல்ட்" என்ற ஆங்கிலப் பத்திரிகை 1858-லும் 1859-லும் இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்துப் பரிசோதனையே நடத்தியது. அடிக்கும் பலத்தில் பழைய ரகம் கொஞ்சம் முன்னால் நின்றது. ஆனால் வித்தியாசம் சின்னது. பழைய கட்சிக்காரர்கள் "பார்த்தீர்களா!" என்றார்கள். புதிய கட்சிக்காரர்கள் "இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காகவா கம்பியைத் தூக்கிக்கொண்டு அலைவது?" என்றார்கள். ஒரே ரிசல்ட், இரண்டு தரப்புக்கும் வெற்றி. இன்றைக்கும் பழக்கமான காட்சிதான்.

பழைய கட்சியைச் சுத்த முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. கரிமருந்தும் ஈயமும் எந்த பஜாரிலும் கிடைக்கும். தோட்டா கிடைக்காது. மழைக்காலத்தில் வயநாட்டுக் காட்டில் தோட்டா தீர்ந்துபோனால் புதுத் துப்பாக்கிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மடக்கும் மூட்டு நாளாக நாளாக லொடலொடவென்று ஆகிவிடும், பின்பக்கம் புகை கசியும் என்ற பயமும் இருந்தது.

ஆனால் வசதி என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. 1860-களுக்குள் பின்வழித் துப்பாக்கி ஜெயித்துவிட்டது. ராணுவமும் 1860-களின் நடுவில் ஸ்னைடர் ரைபிளுக்கு மாறியது. 1871-ல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. இந்த மார்ட்டினி-ஹென்றியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்பவும் வரும்.

இன்னொரு பக்கம் ஜேம்ஸ் பர்டி என்ற லண்டன் துப்பாக்கிக்காரர் 1856-ல் வேறு ஒரு யோசனை செய்தார். குண்டைச் சின்னதாக்கி, மருந்தை அதிகமாக்கினார். குண்டு வேகமாகவும் நேராகவும் போகும். எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி போகிறது என்று அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். "எக்ஸ்பிரஸ் ரைபிள்" என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. மலைச்சரிவில் தூரத்தில் நிற்கும் வரையாட்டுக்கு இது அருமையான துப்பாக்கி. யானைக்கும் காட்டெருமைக்கும் போதாது என்றது பேக்கர் கட்சி. குழிவான எக்ஸ்பிரஸ் குண்டு பெரிய மிருகத்தின் தோலிலேயே சிதறிவிடும் என்று கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தார் பேக்கர். நீலகிரிக்கு வடக்கே சாமராஜநகர் பக்கம் யானை பிடித்துக்கொண்டிருந்த சாண்டர்சன் 1878-ல் தன் புத்தகத்தை வெளியிட்டபோது, அவரும் யானைக்குப் பெரிய போர் துப்பாக்கிதான் என்ற கட்சி.

வியாபாரமும் ஜோராக நடந்தது. இன்று மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர் போன பி.ஆர் அண்ட் சன்ஸ் அன்று துப்பாக்கியும் விற்றது. சென்னையில் ஓக்ஸ் கம்பெனியும் விற்றது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியின் மேல் சென்னைக் கடையின் பெயர் பொறித்து வரும். அவ்வளவு தூரம் போகாதவர்கள் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸின் தடிமனான கேட்டலாக்கைப் புரட்டித் தபாலில் ஆர்டர் செய்தார்கள். மெயில் ஆர்டர் வியாபாரத்தின் தாத்தா என்றே சொல்லலாம்.

யார் கையில்?

இவ்வளவு சண்டையிலும் ஒரு கேள்வியை இந்த ரசிகர்கள் கேட்கத் தேவையே இருக்கவில்லை: "எனக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி உண்டா?"

தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி 1801-லேயே ஆரம்பித்துவிட்டது. பாளையக்காரர்களின் போரை அடக்கியதும் கம்பெனி அரசு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பிரகடனம் போட்டது. 1857-க்குப் பிறகு பயம் இன்னும் கூடியது. இந்திய சிப்பாய்களுக்கு வெள்ளைக்கார சிப்பாய்களைவிட ஒரு படி மட்டமான துப்பாக்கியே கொடுப்பது என்பது கொள்கையாகவே ஆனது. வேண்டுமென்றே உள்வரி இல்லாமல் செய்த துப்பாக்கிகளும் அவர்களுக்குப் போயின. குழாய்க்குள் உள்வரி இருந்தால்தான் குண்டு சுழன்று நேராகப் போகும். இல்லையென்றால் குறி தப்பும்.

1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் என்றால் லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர் என்றால் விலக்கு. பக்கத்துக் குடகு நாட்டுக் கொடவர்களுக்கு மட்டும் விசேஷ விலக்கு இருந்தது. அது இன்றுவரை தொடர்கிறது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்த ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. காங்கிரஸ் ஆரம்பித்த மூன்றாவது மாநாட்டிலேயே துப்பாக்கிப் பேச்சு வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு அது வேட்டைப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை. ஒரே ஊரில் ஒருவன் எக்ஸ்பிரஸ் ரைபிளா பெரிய போரா என்று விவாதிக்கிறான். இன்னொருவன் தன் வயலுக்கு வரும் பன்றியை விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு மனு எழுதிக்கொண்டு நிற்கிறான்.

வரையாடு சொன்ன தீர்ப்பு

நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் வாழும் வரையாட்டை வெள்ளைக்காரர்கள் "ஐபெக்ஸ்" என்று தவறாக அழைத்தார்கள். உண்மையில் அது ஐபெக்ஸ் இல்லை. 1838-ல் வில்லியம் ஓகில்பி அதற்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தார். கிழட்டுக் கிடாவுக்கு முதுகில் வெள்ளையாக ஒரு பட்டை விழும். அதைச் "சேடில்பேக்" என்பார்கள். ஊட்டி வேட்டைக்காரனுக்குச் சேடில்பேக் தலை ஒன்று சுவரில் தொங்கினால்தான் கௌரவம்.

வாய்வழித் துப்பாக்கிக் காலத்தில் வரையாட்டுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. நெருங்க வேண்டும், ஒரு குண்டுதான், பிறகு புகை. எக்ஸ்பிரஸ் ரைபிளும் பின்வழித் தோட்டாவும் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. தூரத்திலிருந்து சுடலாம், உடனே அடுத்ததைச் சுடலாம். கூடவே காப்பிக்கும் தேயிலைக்கும் சின்கோனாவுக்கும் காடு வெட்டப்பட்டது. 1870-களில் வேட்டைக்காரர்களே கவலைப்பட ஆரம்பித்தார்கள். ஜெனரல் ரிச்சர்ட் ஹாமில்டன் "ஹாக்ஐ" என்ற புனைபெயரில் ஊட்டிப் பத்திரிகையில் வேட்டை விலங்குகளைப் பற்றி எழுதினார். அவை 1876-ல் புத்தகமாகவும் வந்தன.

1877-ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 1879-ல் அதற்கென்றே சென்னை அரசு தனிச் சட்டம் போட்டது. வேட்டைக்குத் தடைக்காலம் வந்தது, லைசென்ஸ் வந்தது. பெண் வரையாட்டைச் சுடக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. இந்தியாவில் விலங்குகளைக் காப்பதற்கு வந்த ஆரம்பகாலச் சட்டங்களில் இது ஒன்று.

இதில் இரண்டு விஷயம் சேர்ந்தே இருக்கிறது. ஒன்று, சுட்டவர்களே நிறுத்தவும் முன்வந்தார்கள். அது உண்மை, பாராட்டத்தக்கது. இரண்டு, அழிவுக்குக் காரணம் யார் என்று எழுதும்போது அவர்கள் பெரும்பாலும் கை காட்டியது உள்ளூர் ஷிகாரிகளையும் அவர்களின் நாட்டுத் துப்பாக்கிகளையும். தோடர்கள் வேட்டையாடாதவர்கள், இறைச்சியும் சாப்பிடாதவர்கள். படகர்கள் விவசாயிகள். வேட்டை பழகிய குறும்பர், இருளரிடம் எக்ஸ்பிரஸ் ரைபிள் இருக்கவில்லை. ஆனால் சட்டத்தின் முதல் அடி விழுந்தது இவர்கள் மேல்தான். வயிற்றுக்காகச் சுட்டவன் திருடன் ஆனான். சுவருக்காகச் சுட்டவன் விளையாட்டு வீரனாகவே இருந்தான்.

இடியாப்பம் மாதிரி ஒரு மருந்து

அடுத்த புரட்சி துப்பாக்கியில் வரவில்லை, மருந்தில் வந்தது. கரிமருந்து சுட்டால் வெள்ளைப் புகை மண்டும். நீலகிரி மாதிரி ஈரக் காற்றில் அது கலையவும் கலையாது. சுட்டவனுக்கே தான் சுட்டது விழுந்ததா, தன் மேல் பாய வருகிறதா என்று தெரியாது. 1884-ல் பிரான்சில் வியேய் என்பவர் புகையில்லா மருந்து கண்டுபிடித்தார். நோபல் பரிசுப் புகழ் ஆல்ஃபிரட் நோபல் தன் பங்குக்கு ஒன்று செய்தார். 1889-ல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டீவரும் இன்னொன்று செய்தார்கள். அதுதான் கார்டைட். நோபல் தன் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று கேஸ் போட்டுத் தோற்றுப்போனார்.

கார்டைட்டில் முதலில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் வெடிபஞ்சு, 5 சதவீதம் வாசலின். அசிட்டோனில் கரைத்துப் பிசைந்து, சிறு துளைகள் வழியாக இடியாப்பம் பிழிவது போலப் பிழிந்து, காயவைத்து வெட்டுவார்கள். கயிறு மாதிரி வருவதால்தான் "கார்டு"-ஐட். முதல் ரகம் ரொம்பச் சூடாக எரிந்து குழாயையே தின்றது. பிறகு நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள்.

இந்த மருந்தை இந்தியாவிலேயே செய்ய அரசு தேர்ந்தெடுத்த இடம்தான் லவ்டேலுக்கு இரண்டு ஸ்டேஷன் கீழே இருக்கும் அருவங்காடு. நைட்ரோகிளிசரினுக்கு வெயில் ஆகாது, மலையின் குளிர் வசதி. பக்கத்திலேயே காட்டேரி அருவி இருந்தது. ஆலைக்காக அதில் நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. தென்னிந்தியாவின் ஆரம்பகால மின்நிலையங்களில் அதுவும் ஒன்று. 1904 வாக்கில் உற்பத்தி ஆரம்பித்தது. ரயில் ஊட்டிக்கு 1908-ல்தான் போய்ச் சேர்ந்தது. அதாவது லவ்டேலுக்கு ரயில் வருவதற்கு முன்பே அருவங்காட்டில் கார்டைட் வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கார்டைட் ராணுவத்துக்கு. ஊட்டி வேட்டைக்காரனின் தோட்டா இங்கிலாந்தின் கைனாக், ஈலி கம்பெனிகளிடமிருந்து கப்பலில்தான் வரும். அதிலும் ஒரு தலைவலி. வெயில் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். லண்டனில் ஒழுங்காகச் சுட்ட தோட்டா, மசினகுடி வெயிலில் காலி உறை சிக்கிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும். எதிரில் காயம்பட்ட காட்டெருமை! அதனால் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டாக்களை விற்றன. விளிம்பு வைத்த பெரிய உறை, குறைந்த அழுத்தம், இரட்டைக்குழல் ரைபிள் என்ற கூட்டணிக்கு இந்திய ரசிகர்கள் கொடுத்த மரியாதைக்குக் காரணம் ஸ்டைல் மட்டும் இல்லை, வெயிலும்தான்.

450: வந்தது, ஜெயித்தது, தடை ஆனது

1898-ல் ஜான் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற மாடலைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட 31 கிராம் குண்டு, வினாடிக்கு 2,150 அடி வேகம். பெரிய போரா, வேகமா என்ற ஐம்பது வருஷச் சண்டையை இந்த ஒரு மாடல் முடித்துவைத்தது. பலமும் உண்டு, வேகமும் உண்டு, புகையும் இல்லை. தோள் வலிக்கச் சுமந்த ஒன்பது கிலோ பீரங்கிகள் ஒரே இரவில் பழங்கதை ஆயின.

ரசிகர்கள் சந்தோஷம் பத்து வருஷம்கூட நீடிக்கவில்லை. மார்ட்டினி-ஹென்றி ஞாபகம் இருக்கிறதா? அதன் குண்டும் 450 அளவுதான். வடமேற்கு எல்லையில் திருட்டுப் போன மார்ட்டினிகளுக்கு வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டு கிடைத்துவிடும் என்று அரசு பயந்தது. 1907-ல் இந்தியாவில் 450 ரகத்துக்குத் தடை விழுந்தது. துப்பாக்கியின் பேரில் எந்தக் குறையும் இல்லை. அது யார் கைக்குப் போகும் என்பதுதான் பிரச்சினை.

இங்கேதான் வியாபாரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். இந்தியா பெரிய மார்க்கெட். விட்டுவிட முடியாது. ஹாலண்ட் கம்பெனி .465 கொண்டுவந்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476. ஜெஃப்ரி .475 நம்பர் 2. ஜோசப் லாங்கின் .470. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றம். எது சிறந்தது என்று கிளப்புகளில் ஓயாத பேச்சு. ஆனால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும். எல்லாமே 31 முதல் 34 கிராம் குண்டு, எல்லாமே 2,100 முதல் 2,200 அடி வேகம். சட்டத்தைத் தாண்ட அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டதுதான் வித்தியாசம். ஒரே சரக்கு, வேறு வேறு லேபிள். இதில் .470 கடைசியில் மற்ற எல்லாரையும் முந்தியது. பல கம்பெனிகள் அந்த ரகத்தில் துப்பாக்கி செய்ததால், அதற்கான தோட்டா எங்கும் கிடைத்தது. அறுபது வருஷத்துக்கு முன் வாய்வழிக் கட்சி சொன்ன அதே காரணம்!

இந்தக் கோஷ்டிச் சண்டையில் சேராதவர்களும் இருந்தார்கள். சேலம், தர்மபுரி, நீலகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன கென்னத் ஆண்டர்சன், ஒரு அமெரிக்க வின்செஸ்டர் .405 ரைபிளையே பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். 1904-ல் அறிமுகமான ரகம் அது. லண்டன் ரசிகர்கள் அதை மதிக்கவே மாட்டார்கள். புலிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அரசின் பயம் வீண் பயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். வேட்டைக் கிளப்புகள் யானை ரைபிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சட்டைப்பைக்குள் அடங்கும் புதிய மாடலை வேறு ஒரு கூட்டம் வேறு காரணத்துக்காகக் கவனித்துக்கொண்டிருந்தது. 1914-ல் கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களைப் புரட்சிக்காரர்கள் கடத்திக்கொண்டு போனதும் இதே வரிசையில் வருவதுதான்.

315-ன் வாரிசுகள்

ராணுவத்தின் .303-ம் சாதாரண மனிதனுக்குத் தடை. அதனால் இந்திய மார்க்கெட்டுக்காக இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் தோட்டாவில் ஒரு ரைபிள் செய்தது. இந்தியாவில் அதன் பெயர் .315. சுதந்திரத்துக்குப் பிறகு அதையே வங்காளத்தின் இச்சாப்பூர் ஆலை செய்ய ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் போட்ட தடையின் நிழல் கேட்டலாக்கில் அப்படியே நின்றது. 1959-ன் ஆயுதச் சட்டம் இனப் பாகுபாடு இல்லாமல் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. ஆனால் .303, 9 மில்லிமீட்டர் போன்றவை "தடை செய்யப்பட்ட ரகம்" என்பது தொடர்ந்தது. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனது.

அளிப்பு நின்றால் விலை என்ன ஆகும் என்பது பி.காம் முதல் வருஷப் பாடம். பழைய வெப்லி ரிவால்வர்கள் நகை விலைக்குப் போயின. புதிதாக வாங்க நினைத்தவனுக்கு அரசு ஆலை செய்ததுதான் துப்பாக்கி. அதனால் கான்பூரிலிருந்து ஒரு புதிய மாடல் வந்தாலே இந்தியத் துப்பாக்கிப் பிரியர்களுக்குத் திருவிழாதான்.

2014 ஜனவரியில் "நிர்பீக்" வந்தது. 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி .32 ரிவால்வர், டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை. விலை 1,22,360 ரூபாய். ரசிகர்கள் பார்த்தது எடையையும் பழைய வெப்லி சாயலையும். மற்றவர்கள் கேட்டது வேறு: இந்த விலை கொடுத்து, லைசென்ஸுக்கு அலைந்து வாங்கக்கூடிய பெண் எத்தனை பேர்? பஸ்ஸில் போகிறவளுக்கு இதனால் என்ன பயன்?

2021 அக்டோபர் 1-ல் அரசின் படைக்கல ஆலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. கான்பூரும் திருச்சியும் ஒரு கம்பெனியில். அருவங்காடு இன்னொன்றில். 2023 ஆகஸ்டில் கான்பூர் "பிரபல்" ரிவால்வரை வெளியிட்டது. மடக்கித் திறக்காமல், உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடும் என்றது நிறுவனம். 3 அங்குலக் குழாயில் 50 மீட்டரில் குறி நிற்குமா என்பது இந்தத் தலைமுறையின் சண்டை. அடிக்கும் பலமா, தூரமா, பழசா, புதுசா... 1858-ல் கேட்ட அதே கேள்விகள்.

மிச்சம் இருப்பது

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீலகிரியின் துப்பாக்கி விவாதங்களுக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. எவ்வளவு நல்ல ரைபிளாக இருந்தாலும் சுடுவதற்கு அனுமதி இல்லை. 1877-ல் வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கம் பெயர் மாறி, இன்று காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக இருக்கிறது. அதன் செயலாளராக இருந்த ஃபித்தியன்-ஆடம்ஸ் 1939-லேயே சங்கத்தின் அறுபது வருஷ வரலாற்றை எழுதிவைத்தார். லாரன்ஸ் பள்ளி 1949-ல் சிப்பாய்ப் பிள்ளைகளின் பள்ளி என்ற அடையாளத்தை விட்டு வெளியே வந்தது. அருவங்காட்டில் மட்டும் இன்றும் மருந்து பிழிகிறார்கள்.

நூற்றைம்பது வருஷத்தில் துப்பாக்கி எவ்வளவோ முன்னேறியது. பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மருந்து ஆலையும் படை முகாமும் வேட்டைக் கிளப்பும் இருந்த இந்த மலையைவிட அதை நன்றாகப் பார்த்த இடம் தமிழ்நாட்டில் இருக்காது. ஆனால் ஒவ்வொரு மாடலையும் கொண்டாடியவர்கள் துப்பாக்கியைப் பற்றியே பேசினார்கள். எதைச் சுடப்போகிறோம், அது எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது வேட்டை குறைந்துபோன பிறகுதான்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. 2022-ல் அரசு அதைக் காப்பதற்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. 2024-ல் தமிழ்நாடு முழுவதும் மலை மலையாக ஏறி எண்ணினார்கள். கிடைத்த எண் 1,031.